புத்தக அறையும் என் வாயும்

எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்கென்று ஒரு புத்தக அறை வேண்டும் என்று முதலில் சொன்னது நான்தான். இப்போது இதை அடக்கமாகச் சொல்கிறேன். அப்போது அப்படியில்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுந்து நின்று கன்னடத்தில் ஆரம்பித்து, நடுவில் இங்கிலீஷுக்குத் தாவி, கடைசியில் தமிழில் கொண்டுவந்து முடித்தேன். அவரவர் வீட்டில் கட்டிலுக்கடியில் கிடக்கும் புத்தகங்களை ஒரே இடத்தில் சேர்த்துவைத்தால் எல்லோரும் எடுத்துப் படிக்கலாம், படிக்கிற ஆசிரியரால்தான் படிக்கவைக்க முடியும் என்றெல்லாம் முழங்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மீட்டிங் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டியிருக்கலாம்.

எங்கள் எச்.எம். தார்வாட் பக்கத்து அம்மா. தங்கச் சுரங்கத்தை நம்பி வளர்ந்த எங்கள் ஊரிகத்துக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. நாங்கள் பேசும் தமிழில் பாதி அவருக்குப் புரியும், மீதியைச் சிரித்துச் சமாளிப்பார். நல்ல மனுஷி. காற்றுப் போன பந்துகளும் உடைந்த கேரம் போர்டும் அடைத்துவைத்திருந்த ஒரு அறையைக் காட்டி, வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், பொறுப்பும் உங்களுடையதே என்றார். பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இருபத்தைந்து வருஷமாக சயின்ஸ் டீச்சராக இருக்கிறேன், ஸ்டாஃப் ரூம் டீ பவுடர் தவிர வேறு எந்தப் பொறுப்பையும் என்னை நம்பி யாரும் கொடுத்ததில்லை.

அறையைக் கழுவித் துடைத்து, மைன்ஸ் ஆபீஸ் சாமான்கள் ஏலத்தில் போனபோது பள்ளிக்கு வந்த பழைய இரும்பு ரேக் ஒன்றை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்தினேன். ஐந்து தட்டு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளை பெயிண்டால் முதல் லெவல், இரண்டாவது லெவல் என்று என் கையாலேயே எழுத நினைத்தேன். 'முதல் லெவல்' என்று மேல்தட்டில் எழுதி முடிப்பதற்குள் பெயிண்ட் தீர்ந்துபோய், அதுவும் வழிந்து யாராலும் படிக்க முடியாமல் போனது. எழுதாவிட்டால் என்ன, லெவல் தெரியாதவர்கள் இந்த ஊரில் யார் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் லெவல் என்றால் மேலிருந்து கீழே எண்ணுவதுதான். சுரங்கத்தில் தரைக்குக் கிட்டே இருப்பது முதல் லெவல், இறங்க இறங்க எண் கூடும். சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடி இருப்பது அலமாரியின் மூன்றாவது லெவலில்தான். என் கணவர் தேடினாலும் மேலிருந்துதான் எண்ணுவார்.

புத்தகங்கள் வர ஆரம்பித்தன. ஜோசியம் நிறைய வந்தது. பிள்ளைகள் பாஸாகிவிட்டதால் வீட்டை அடைத்துக்கொண்டிருந்த கைடுகள் வந்தன. பி.டி. மாஸ்டர் தேங்காய் எண்ணெய்க் கறை படிந்த யோகாசனப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று தடவை சொன்னார். அறையின் ஜன்னலுக்கு நேரே சைனைட் டம்ப். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், மலையாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தச் சாம்பல் தூசு நேராக உள்ளே வரும். அதனால் எல்லாப் புத்தகத்துக்கும் பழைய செய்தித்தாளில் அட்டை போட்டேன். சிலபஸ் மாறிப்போய் யாருக்கும் உதவாத பாடப்புத்தகங்கள் ஒரு குவியல் இருந்தன, அவற்றுக்கும் போட்டேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கவேண்டும் அல்லவா. அட்டைமேல் பெயர் எழுதுவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். எனக்கு எப்போதும் அடுத்த வாரம்தான்.

உதவாத புத்தகங்களை அடித்தட்டில், அதாவது ஐந்தாவது லெவலில் போட்டேன். நல்லதையெல்லாம் கைக்கு எட்டுகிறாற்போல முதல் லெவலில் வைத்தேன். அந்த நல்லதில் முக்கால்வாசி ஒரே ஒருத்தியுடையது.

அவள் எங்கள் பள்ளியில் கெஸ்ட் டீச்சர். கன்னடம் எடுக்கிறாள். கெஸ்ட் என்றால் விருந்தாளி என்று அர்த்தம், ஆனால் எல்லா வேலையும் விருந்தாளி தலையில்தான் விழும், கோடை லீவில் சம்பளமும் கிடையாது. ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டுப் பெண், அப்பா மைன்ஸில் வேலை பார்த்தவர், சுவரில் புத்தர் படம் மாட்டியிருக்கும் குடும்பம். அரசு ஆசிரியர் வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இந்த முறை தேறாவிட்டால் அண்ணன் போகிற காலை ரயிலில் அவளும் பெங்களூருக்குப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலையில் சேரவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புகிற ரயில் அது. அதில் ஏறிவிட்டால் அப்புறம் எங்கே படிப்பது, எங்கே பாடம் நடத்துவது.

அவளிடம் தேர்வுப் புத்தகங்கள் ஒரு பெரிய பை நிறைய இருந்தன. பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. நம்மிடம் இருப்பதைப் பகிர்ந்துகொண்டால்தான் அறிவு வளரும் என்று ஒரு லெக்சர் அடித்தேன். இனி வருகிற கெஸ்ட் டீச்சர்களுக்கும் உதவும், எந்தப் புத்தகமும் அறையைவிட்டு வெளியே போகாது, அதற்கு நான் கியாரண்டி என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் பள்ளி விட்டதும் இங்கேயே உட்கார்ந்து படிக்கலாமா மிஸ் என்று கேட்டாள். தாராளமாக என்றேன். மறுநாளே பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வருவாள். சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். மற்ற ஆசிரியர்கள் யாராவது வந்தார்களா என்று கேட்டால், வந்தார்கள். ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது என்று வந்தார்கள். படிக்க வந்தவள் அவள் ஒருத்தி. நான் சும்மா இருக்கமுடியுமா? ஃபிளாஸ்க்கில் டீயோடு போய் எதிரில் உட்காருவேன். நீ படிம்மா, நான் தொந்தரவே பண்ணமாட்டேன் என்று ஆரம்பிப்பேன். என் பையனுக்குப் பெண் பார்ப்பது, எனக்குச் சர்க்கரை ஏறியது, பழைய எச்.எம். என்னை எப்படியெல்லாம் அவமானப்படுத்தினார் என்பது, எல்லாம் வரும். குழந்தை உளவியல் பாடத்தை நானே அவளுக்கு நடத்தினேன், உதாரணமெல்லாம் என் பையன்தான். அவள் பென்சிலைக் கையில் பிடித்தபடியே உம் கொட்டிக்கொண்டிருப்பாள். எவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறாள் என்று வீட்டில் போய்ச் சொல்வேன். கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், பாவம் அந்தப் பொண்ணு என்றார். ஏன் பாவம் என்று சண்டை போட்டேன்.

இந்த நிலையில் என்னை ஒரு பயிற்சிக்குக் கோலாருக்கு அனுப்பினார்கள். அங்கே கடைசி வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது எச்.எம். போன் செய்தார். நாளை கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்கள், அறையைப் பார்த்துவிட்டுப் புதுப் புத்தகங்கள் கொடுக்கப்போகிறார்கள், அவற்றை வைக்க ஒரு தட்டு காலியாக வேண்டும், பழைய பேப்பர் வண்டிக்காரன் கேட்டருகே நிற்கிறான், எதைப் போடலாம் என்று கேட்டார். நான் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, ஐந்தாவது லெவலில் இருப்பதெல்லாம் குப்பை மேடம், கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள் என்று சுத்தமான கன்னடத்தில் சொன்னேன். போனை வைத்ததும் ஒரு பெருமை வேறு. நான் இல்லாவிட்டால் அங்கே ஒரு தட்டு காலி செய்யக்கூட ஆளில்லையே.

மறுநாள் நான் வந்து சேர்ந்தபோது வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அறைக்குள் நுழைந்தேன். முதல் லெவலைப் பளபளவென்று துடைத்து, அதில் ஒரே சுகாதாரக் கையேட்டை ஏராளமான பிரதிகளாக அடுக்கியிருந்தார்கள். கீழே, என் உதவாத புத்தகங்கள் அட்டை போட்டு அமைதியாகப் படுத்திருந்தன.

எச்.எம்.மை இழுத்துவந்து காட்டினேன். அவர் நிதானமாகக் குனிந்து அடித்தட்டில் விரலை வைத்து, ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது என்று மேலே எண்ணிக்கொண்டு போனார். நான் மேல்தட்டில் விரலை வைத்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று கீழே வந்தேன். நடுத்தட்டில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே எண் வந்தது. அவர் ஊரில் மாடி மேலே போகும், அதைத்தான் அவர் எண்ணினார். அவர்மேல் என்ன தப்பு சொல்வது? எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அட்டை போட்டு, மேலே பெயரும் எழுதாமல், போனில் கண்ணை மூடச் சொன்னவள் நான்.

ஆட்டோ பிடித்து ஆண்டர்சன்பேட்டை பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். லோடு காலையிலேயே பங்காரப்பேட்டைக்குப் போய்விட்டது என்றார் கடைக்காரர். நான் போட்ட சத்தத்தில் அவரே பயந்துபோய், மூலையில் இருந்த ஒரு மூட்டையைக் காட்டி, செய்தித்தாள் அட்டை போட்டது இதுதான் இருக்கு, பாருங்கம்மா என்றார். பார்க்க எனக்கு எங்கே பொறுமை. தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் வெற்றிகரமாகப் பிரித்தேன். யாரோ காலேஜ் பிள்ளைகளின் தவளை வரைந்த ரெக்கார்ட் நோட்டுகள். மூட்டை முழுக்கத் தவளை.

அவள் அங்கேதான் நின்றிருந்தாள். ஒரு தவளையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கியாரண்டி கொடுத்த அதே வாயால் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்ல மிஸ் என்றாள். அந்தப் பரவாயில்லை என்னை இன்னும் குத்தியது. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

தப்பு செய்தவர்கள் சும்மா இருந்தால் போதும் சில சமயம். நான் அப்படிப்பட்ட ஆளில்லை. அன்றே ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கனமான பூட்டு வாங்கினேன். இனி என்னைக் கேட்காமல் ஒரு காகிதம்கூட அசையக் கூடாது, எல்லாவற்றையும் சரிபார்த்துப் பெயர் எழுதி முடிக்கிறவரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லி அறையைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு புத்தக வேட்டைக்குக் கிளம்பினேன். தெரிந்த டீச்சர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் கெஞ்சினேன். எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில் பழைய கைடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, வெயிலில் அலைந்து வாங்கி வந்தேன். ஒவ்வொரு புத்தகத்தையும் அவள் கையில் கொடுக்கும்போது எனக்குப் பாவம் கொஞ்சம் கரைகிற மாதிரி இருக்கும். அவளும் வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் மிஸ் என்பாள். முகம் மட்டும் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போனது. புத்தகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக அலைந்தேன்.

ஒரு சாயங்காலம் ஊரிகம் ஸ்டேஷன் வழியாக வந்துகொண்டிருந்தேன். பிளாட்பாரத்து பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் பை. தேர்வை விட்டுவிட்டாள், பெங்களூர் வேலையில் சேர்ந்துவிட்டாள், என்னால்தான் என்று முடிவே செய்துவிட்டேன். ஓடிப்போய் மூச்சு வாங்க நின்று, விட்டுக்கொடுக்காதேம்மா, இன்னும் நாள் இருக்கிறது, வீட்டில் நான் வந்து பேசுகிறேன், புத்தகம் எவ்வளவு வேண்டுமானாலும் நான் கொண்டுவருகிறேன் என்று பேசிக்கொண்டே போனேன். பக்கத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

நான் மூச்சு விடுகிற இடம் வருகிறவரை அவள் காத்திருந்தாள்.

"நான் எங்கியும் போவல மிஸ். இங்க ஒக்காந்து படிச்சிகினு கீறேன்" என்றாள். மடியில் இருந்தது அவள் கையால் எழுதிய நோட்ஸ். "புக்கு போனா போவுது. அதெல்லாம் ரெண்டு வாட்டி முடிச்சிட்டேன், நீங்க கேட்டீங்கன்னுதான் குடுத்தேன். ரூம ஏன் மிஸ் பூட்டிட்டீங்க?"

சாவி கிடந்த கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவளே மெதுவாகச் சொன்னாள். "எங்க வீடு இன்னா, ஒரே ரூமு. அப்பாவுக்கு ட்ரில்லு புடிச்சி புடிச்சி காது போச்சி, டிவிய முழுசா வெச்சாதான் கேக்கும். அத்த கொறைக்க சொல்ல எனக்கு மனசு வராது. அண்ணி கொழந்தய தூங்க வெக்கிறதும் அங்கதான். உங்க ரூமு கெடச்சப்ப, தப்பிச்சோம்னு நெனச்சேன் மிஸ்." இந்த பிளாட்பாரத்திலும் ஏழு மணிக்கு மேல் யாராவது குடித்துவிட்டு வந்து உட்காருகிறார்கள், எழுந்து போய்விடவேண்டியிருக்கிறது என்றும் சொன்னாள்.

புத்தக அறை, புத்தக அறை என்று குதித்தேனே, அவளுக்கு வேண்டியிருந்தது அதில் பின்பாதி மட்டும்தான். ரேக்கும் லெவலும் அட்டையும் எனக்காக நான் செய்துகொண்டவை. அவள் அங்கே என்ன படித்தாள் என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை, எனக்குப் பேசுவதற்கே நேரம் சரியாக இருந்தது. அந்தப் பெண் ரயில் சத்தத்தில் உட்கார்ந்து படிக்க, நான் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் அவளுக்காக அலைந்திருக்கிறேன்.

சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். உன்னிடமே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைகூட வந்து உட்கார் என்றேன். வாங்கிக்கொண்டு எழுந்தவள் பையை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், கோச்சிக்காதீங்க. பரீட்ச முடியற வரிக்கும் நீங்க கூட உள்ள வராதீங்க."

கோபித்துக்கொண்டேன். ஏன் பொய் சொல்லவேண்டும்? அவளிடம் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகக் கோபித்துக்கொண்டேன். நான் கேட்டு வாங்கிய அறை, நான் கழுவிய தரை, என் டீ. ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கணவர் சொன்னதற்கு அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். "நான் அன்னிக்கே சொல்லல?" என்றார். அதற்கும் சண்டை போட்டிருப்பேன், ஆனால் சண்டைக்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

மறுநாளிலிருந்து வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பேப்பர் திருத்துகிற சாக்கு. ஃபேனுக்காக வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். பி.டி. மாஸ்டர் தன் யோகாசனப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும் என்றார், பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி அவரையும் விரட்டினேன். அடுத்த ஸ்டாஃப் மீட்டிங்கை அந்த அறையில் வைத்துக்கொள்ளலாமா என்று எச்.எம். கேட்டபோது, வேண்டாம் மேடம், உள்ளே ஒரு டீச்சர் படிக்கிறார் என்றேன். எச்.எம். ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். அவ்வளவு சின்ன வாக்கியம் என்னிடமிருந்து அவர் கேட்டதில்லை. உள்ளே நோட்டு புரளும் சத்தம் கேட்கும். சில நாள் ஃபிளாஸ்க்கைக் கதவோரம் வைத்துத் தட்டிவிட்டு ஓடிவந்துவிடுவேன். பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவள் தேறிவிட்டாள். வேலை உத்தரவு வந்தபோது சீனிவாசபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. எச்.எம். பிரேயரில் அவளைப் பாராட்டிவிட்டு, இதற்கெல்லாம் காரணம் புத்தக அறையை உண்டாக்கிய நம் சயின்ஸ் டீச்சர் என்று எனக்கும் ஒரு சால்வை போட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சால்வையை இழுத்து முகத்தைப் பாதி மூடிக்கொண்டேன்.

கடைசி நாள் சாயங்காலம் மைசூர்பாகு டப்பாவோடு வராந்தாவுக்கு வந்தாள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இந்தாங்க மிஸ். இனிமே நீங்க உள்ள போலாம்."

அவள் கேட்டைத் தாண்டிப் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனேன். நாற்காலி சுவரைப் பார்த்தபடி இருந்தது. ரேக்கிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, அவள் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்தேன். இந்த அறையில் நான் ஒரு புத்தகம் பிரிப்பது இதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது. அரைப் பக்கம் படித்தேன். இதை யாரிடமாவது உடனே சொல்லவேண்டும் போல் இருந்தது. எழுந்து வராந்தாவுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.